சண்டை மீனின் தொட்டியைத் தூய்மை செய்தல்

வீடுகளில் அழகுக்காக வளர்க்கப்படும் மீன்களுள் சண்டை மீனும் ஒன்று. ஆண் மீன்கள் ஒன்றையொன்று தாக்கும் இயல்பின. ஆதலின் அவற்றைத் தனித்தனியே வளர்ப்பது வழக்கம். தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பிய இரண்டொரு நாட்களில் மீன் இறந்துவிடுவது பல வீடுகளில் நிகழ்வதாகும். இதற்குப் பெரும்பாலும் தூய்மையைப் பற்றிய தவறான கருத்தே காரணமாகிறது.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அங்குச் சதுப்பு நிலங்களிலும் நெல்வயல்களிலும், நீர்ச்செடிகள் அடர்ந்த தேங்கு நீரில் இது வாழ்கிறது. 1910-ஆம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்னும் பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் இதற்கு ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்னும் அறிவியற் பெயரை இட்டார். 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பின் துணையால், இம்மீன் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை நேராகவும் சுவாசிக்கும். ஆகவே பிராணவாயு குறைந்த நீரிலும் இது பிழைக்கிறது. எனினும், எத்தகைய நீரையும் இது பொறுத்துக்கொள்ளும் என்று கருதுவது பிழை. பிராணவாயு குறைதல் வேறு. நீரில் நஞ்சு மிகுதல் வேறு.

கண்ணுக்குப் புலனாகாத அழுக்கு

மீன் தன் செவுள்களின் வழியே இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும், தின்னாமல் எஞ்சிய உணவும் அழுகும்பொழுதும் அம்மோனியா உண்டாகிறது. இதற்கு நிறம் கிடையாது. எனவே, பளிங்கு போல் தெளிந்த நீரிலும் மீனைக் கொல்லுமளவு அம்மோனியா இருக்கக்கூடும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயர உயர, அதன் கேடும் உயரும்.

தொட்டியில் இந்நஞ்சை மாற்றும் பணியைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் தீமையோ மிகக் குறைவு. இப்பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை. கூழாங்கற்கள், கண்ணாடிச் சுவர், செடிகளின் இலைகள், வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து வாழ்கின்றன. கற்களைக் கொதிநீரில் அலசி, பஞ்சைக் குழாய் நீரில் கசக்கினால் இப்படலம் அழிகிறது. அது மீண்டும் உருவாவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே வாழ நேரிடுகிறது.

தொட்டியின் அளவும் கருதத்தக்கது. ஒரே மீனின் கழிவு, 20 லிட்டர் நீரிற் கலப்பதைவிட 2 லிட்டர் நீரிற் கலக்கும்பொழுது பத்து மடங்கு செறிவடையும். சிறு கிண்ணத்தில் மீன் விரைவில் நலிவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

செய்யும் முறை

வாரம் ஒரு முறை நீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் மாற்றுதல் நன்று. 20 லிட்டர்த் தொட்டியாயின் 5 லிட்டர் போதும். வடிகட்டி இல்லாத சிறு கலங்களில், ஒவ்வொரு முறையும் சிறிதளவாக, இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

நகராட்சிக் குழாய் நீரில் நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்காகக் குளோரின் கலக்கப்படுகிறது. அது மீனின் செவுள்களையும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் தாக்கும். ஆகவே முந்தைய நாளே நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்தால், குளோரின் பெரிதும் வெளியேறிவிடும். குளோரமீன் கலந்த நீருக்கு இம்முறை பயன்படாது. அதற்கு மீன் கடைகளில் விற்கப்படும் தக்க நீர்மருந்தைச் சேர்த்தல் வேண்டும்.

வெப்பநிலையும் ஒத்திருத்தல் அவசியம். இம்மீனுக்கு ஏற்றது 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை. வட இந்தியாவில் குளிர்காலக் குழாய் நீர் மிகக் குளிர்ந்தும், கோடையில் மொட்டைமாடித் தொட்டி நீர் மிகச் சூடாகவும் இருக்கும். எனவே ஒரு வெப்பமானியால் இரு நீரையும் அளந்து பார்ப்பது நலம்.

மீனைத் தொட்டியிலேயே விட்டுவிடலாம். வலையால் பிடித்தால் அது மிரளும். நீண்ட துடுப்புகளும் கிழியக்கூடும். எடுத்தே தீர வேண்டுமாயின், குவளையால் நீருடன் மொண்டு எடுக்க வேண்டும். மின்சார வடிகட்டியையும் வெப்பமூட்டியையும் முதலில் நிறுத்திவிட்டு, நீர் நிரப்பிய ரப்பர்க் குழாயால் அடியிலுள்ள கசடை மெல்ல வெளியேற்றுக. கண்ணாடியின் முன்புறத்துப் பாசியை மட்டும் துடைத்தால் போதும். சோப்பு எவ்வகையிலும் ஆகாது. வடிகட்டியின் பஞ்சை, எடுத்த பழைய நீரிலேயே இலேசாகப் பிழிந்து திரும்ப வைத்தல் வேண்டும். புதுநீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றினால் அடித்தளம் கலங்காது. மீன் காற்றைச் சுவாசிப்பதற்காக நீர்ப்பரப்பிற்கும் மூடிக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். இது தாவக்கூடிய மீனாதலால் மூடி இன்றியமையாதது.

துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளுதல், நிறம் வெளுத்தல், அடியில் கிடத்தல், உணவை மறுத்தல் ஆகியவை மீனின் துன்பத்தைக் காட்டும் குறிகள். தூய்மை செய்தபின் இவை தோன்றினால், நீரின் வெப்பத்தையும் குளோரினையும் அம்மோனியாவையும் உடனே ஆராய வேண்டும்.

மீன் தொட்டி ஒரு பாத்திரம் போன்றதன்று. அது ஒரு சிறு குளம். அதில் மீனும் செடியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன. அவ்வுறவைக் குலைக்காமல் கழிவை மட்டும் அகற்றுவதே மெய்யான தூய்மையாகும்.