அரக்குப் பூச்சியும் சங்குப் பற்பமும்

கேள்வி: பூச்சி, சங்கு, சிப்பியெல்லாம் மருந்து என்கிறார்களே, ஆராய்ச்சி ஏதாவது ஒப்புக்கொள்கிறதா? (வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி)

பதில்: சித்த மருத்துவம் சரக்குகளைத் தாவரம், தாது, சீவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. நீங்கள் கேட்பவை சீவ வகை. அரக்குத் தைலத்தில் சேரும் கொம்பரக்கு, மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதை ஆராயவே ராஞ்சியில் 1924-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஆனால் அங்கே கவனம் பெரும்பாலும் பாலிஷிலும் சாகுபடியிலும்தான்!

உங்கள் ஊர்ச் சரக்கு சங்கு. சுத்தி செய்து, சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் பூசி, வறட்டி அடுக்கி எரித்துப் புடம் போடுவார்கள். அதில் கிடைக்கும் பொடியே பற்பம். சங்கின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் பல மாத்திரைகளிலும் இருப்பது அதுவே. ஆகவே வயிற்றுப் புளிப்புக்குச் சங்குப் பற்பம் கொடுப்பதில் வேதியியலுக்குச் சண்டையில்லை. புடச்சூடு எல்லை மீறினால் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும், வாயை வேகவைக்கும். வீட்டில் முயல வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவும் வேண்டாம்.

மற்ற நோய்களுக்குச் சொல்லும் பெருமைகள் வேறு கதை. எலியிடம் சோதித்துக் கிடைத்த முடிவை மனிதருக்கான சான்றாக நான் ஏற்கமாட்டேன். சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பூச்சி மருந்தையே பாருங்கள்: சீன மருத்துவம் பயன்படுத்திவந்த கொப்புள வண்டின் நஞ்சு கேந்தரிடின். மனிதர்களிடம் முறையாகச் சோதித்த பிறகே, 2023-இல், ஒருவகை வைரஸ் பருவுக்கு மேற்பூச்சாக அமெரிக்கா அதை அனுமதித்தது. அதையும் மருத்துவர்தான் தடவ வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.