நீதிபதிக்கு ஆயுள் பதவி வேண்டுமா?

எங்க ஏற்காட்டு மலை விவசாயி நில வழக்கில் சேலம் ஜில்லா கோர்ட்டிலும் தோற்றால், அடுத்து சென்னை உயர் நீதிமன்றம்தான். அங்கே இருப்பவர் யாருக்கும் பயப்படாதவரா இருக்கணுமே! அதற்காகத்தான் அமெரிக்க மத்திய நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி. நம் அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு முதலில் 60 வயது என்றது. 1963-இல் 15-வது திருத்தம் 62 ஆக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கோ 65. இந்த மூணு வருஷம்தான் எனக்கு உறுத்துகிறது, நண்பர்களே. 62 நெருங்கும்போது டெல்லியையோ, அரசு தரும் ஆணையப் பதவியையோ எதிர்பார்க்கத் தோணாதா? உயர் நீதிமன்றத்துக்கும் 65 ஆக்க 2010-இல் வந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாச்சு. ஆயுள் பதவி வேண்டாம். தள்ளாத வயதில் எழுந்திருங்கன்னு யார் சொல்வது? 65 வைத்து, ஓய்வுக்குப் பின் சில வருஷம் அரசுப் பதவி கிடையாது என்று சட்டம் போடட்டும்.