காரை மாடிஃபை பண்ணலாமா, மாத்திடலாமா? உத்திரமேரூர் தம்பியோட கணக்கு



நாலு மாசம் முன்னாடி உத்திரமேரூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையனுக்கு வயசு 27. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. பிடித்தமெல்லாம் போக கைக்கு வர்றது 41,000 ரூபாய். வீட்டு வாசல்ல எட்டு வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் நிக்குது. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கேட்டுட்டான்:

“அண்ணா, போனஸும் சேமிப்பும் சேர்த்து 1.25 லட்சம் வச்சிருக்கேன். காரை மாடிஃபை பண்ணிடலாமா, இல்ல எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு ஒரு சின்ன எஸ்யூவி எடுத்துடலாமா?”

இதே கேள்வியை நம்ம வீடியோக்குக் கீழேயும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதனால அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் நோட்டுல போட்ட கணக்கை அப்படியே இங்க தர்றேன். நம்பரை மட்டும் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

உத்திரமேரூர்க்காரங்களுக்குக் கணக்கோட அருமை தெரியாம இருக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்து, அதாவது 10-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துக் கல்வெட்டு இருக்கு. குடவோலை முறையில யார் பேரை ஓலையில எழுதலாம், யார் பேரை எழுதக் கூடாதுன்னு அதுல விவரமா சொல்லியிருக்கு. முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்க பேரு குடத்துக்குள்ளேயே போகாது. நம்ம ஆசைகளுக்கும் அதே விதியை வைப்போம். கணக்குக் காட்டாத ஆசை குடத்துக்குள்ள போகக் கூடாது.

1. முதல்ல கேள்வியைப் பிரிங்க

“கார்ல என்னடா குறை?”னு கேட்டேன். அவன் சொன்னதை வரிசையா எழுதினேன்.

- பள்ளத்துல இறங்கினா முன்பக்கம் கடகடன்னு சத்தம்
- ராத்திரி காஞ்சிபுரம் ரோட்டுல ஹெட்லைட் வெளிச்சம் பத்தல
- ஏசி சரியா குளிரல
- ஸ்டீரியோ பழசு, ரிவர்ஸ் கேமரா இல்ல
- பார்க்கப் பழைய கார் மாதிரி இருக்கு
- அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறி இறங்கக் கஷ்டப்படுறாங்க

இது ஆறும் ஒரே விஷயம் இல்ல. முதல் மூணும் பழுது. நாலாவது வசதி. அஞ்சாவது ஆசை. ஆறாவது தேவை. நாலுக்கும் தனித்தனி விலை இருக்கு. இதையெல்லாம் ஒரே மூட்டையா கட்டி “கார் சரியில்ல”ன்னு சொல்லும்போதுதான் நம்ம பர்ஸ் கிழியுது.

2. மாடிஃபை பண்ணினா என்ன ஆகும்?

அவன் ஏற்கெனவே ஒரு கடையில கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தான்.

- 15 இன்ச் அலாய் வீல், டயரோட: 45,000
- டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், சப்வூஃபர்: 32,000
- எல்இடி ஹெட்லைட், ஃபாக் லேம்ப்: 9,000
- சீட் கவர், உள்ளே கலர் லைட்: 11,000
- முழு பாடிக்கு கலர் ரேப்: 28,000

மொத்தம் 1,25,000. இப்போ மேல இருக்கிற குறைப் பட்டியலைப் பாருங்க. கடகட சத்தம் போகாது, ஏசி குளிராது, சித்தி ஏறுற கஷ்டமும் தீராது. வசதியும் ஆசையும் மட்டும் நிறைவேறும்.

சரி, விற்கும்போது அந்தப் பணம் திரும்ப வருமா? பழைய கார் வாங்குறவர் பார்க்கிறது வருஷம், கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், ஆக்சிடென்ட் ஆச்சா, சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா, இதைத்தான். சப்வூஃபருக்கு யாரும் தனியா காசு தர மாட்டாங்க. ஒயரிங்ல கை வச்ச காரைப் பார்த்தா விலையைக் குறைச்சுக் கேட்கிறவங்கதான் அதிகம். ஆக, மாடிஃபிகேஷனை முதலீடா பார்க்காதீங்க. சினிமாவுக்குப் போற மாதிரி, திரும்பி வராத செலவு. பிடிச்சா செய்யலாம், ஆனா அப்படித் தெரிஞ்சுதான் செய்யணும்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்னு இருக்கு. நடைமுறையில கவனிக்க வேண்டியது:

- கலரை முழுசா மாத்தினா ஆர்டிஓ-வுல சொல்லி ஆர்சி-யில ஏத்தணும்.
- முன்பக்கம் இரும்பு பம்பர் கார்டு வேண்டாம். மத்திய அரசு 2017-லேயே தடை பண்ணிடுச்சு.
- கண்ணாடியில முன்னாடி பின்னாடி 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சமாவது ஊடுருவணும்.
- எது மாத்தினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க. சொல்லாம ஒயரிங் மாத்தி, நாளைக்குத் தீப்பிடிச்சா கிளெய்ம்ல சிக்கல் வரும்.

ஹெட்லைட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஹாலஜனுக்குன்னு செஞ்ச லைட்டுக்குள்ள சந்தையில கிடைக்கிற எல்இடி பல்பைப் போட்டா, வெளிச்சம் ரோட்டுல விழாம எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். நம்ம ரோட்டுல ராத்திரி லைட் இல்லாத சைக்கிள், டிராக்டர், மாடு எல்லாம் வரும். எதிர்ல டூவீலர்ல வர்றவருக்கு ரெண்டு செகண்ட் கண்ணு கூசினா போதும். இது காசு விஷயம் மட்டும் இல்ல. அவன் கார்ல உண்மையான பிரச்சினை, எட்டு வருஷத்துல மஞ்சளாகிப்போன லைட் கவர். பாலிஷ் போட்டு, கம்பெனி சொன்ன அளவுல புது பல்பு மாட்டினா வேலை முடிஞ்சுது.

3. புது கார் எடுத்தா என்ன ஆகும்?

அவன் பார்த்து வச்சிருந்த எஸ்யூவி நாலு மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன பெட்ரோல் கார். 2025 செப்டம்பர் 22-ல இருந்து இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிடுச்சு. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். “விலை குறைஞ்சிருக்கே அண்ணா”ன்னான். குறைஞ்சிருக்கு, உண்மை. ஆனா புது கார் விலை இறங்கினா, நீ எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்கிற பழைய கார் விலையும் கூடவே இறங்கும். லாபத்துல பாதியை அது சாப்பிட்டுடும்.

எக்ஸ்ஷோரூம் 8.6 லட்சம். தமிழ்நாட்டுல 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் ஆயுள் வரி 13 சதவீதம், அது சுமார் 1.12 லட்சம். இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 10.25 லட்சம்னு வைங்க. பழைய காருக்கு 3 லட்சம், கையில இருக்கிற 1.25 லட்சம் போக, லோன் 6 லட்சம்.

9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 12,600. வட்டி மட்டும் 1.56 லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு மாசம் 2,300, பெட்ரோலுக்கு 3,100 சேருங்க. மாசம் 18,000 ரூபாய். 41,000 சம்பளத்துல 44 சதவீதம்!

அமெரிக்காவுல 20/4/10னு ஒரு பொது விதி சொல்வாங்க. 20 சதவீதமாவது முன்பணம், நாலு வருஷத்துக்குள்ள லோன், கார் செலவு மொத்தமும் வருமானத்துல 10 சதவீதத்துக்குள்ள. நம்ம ஊர் கார் விலைக்கு 10 சதவீதம் கஷ்டம்தான். 15, 20 வரைக்கும் போகலாம்னு நான் சொல்வேன். 44-ங்கிறது கார் நம்மளை ஓட்டுற நிலைமை.

4. யாரும் போடாத கணக்கு: கிலோமீட்டருக்கு எவ்வளவு?

“வேலைக்கு எதுல போற?”ன்னு கேட்டேன். “கம்பெனி பஸ்தான் அண்ணா.”

அப்போ கார் எப்போ ஓடுது? ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம், ஒரு கல்யாணம் காட்சி, மாசம் ரெண்டு தடவை சித்தியை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது. மொத்தம் மாசம் 500 கிலோமீட்டர்.

புது கார்: ஆன்ரோடு விலையும் வட்டியும் சேர்த்து 11.81 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு 4.5 லட்சத்துக்கு வித்தாலும் 7.31 லட்சம் கரைஞ்சிருக்கும். மாசத்துக்கு சுமார் 12,200. ஓட்டுற செலவு 5,400 சேர்த்தா 17,600. கிலோமீட்டருக்கு 35 ரூபாய்.

பழைய கார், ரிப்பேர் பண்ணினா: சஸ்பென்ஷன் 16,000, முன் டயர் ரெண்டு 10,000, ஹெட்லைட் 2,500, ஏசி 4,500, முழு சர்வீஸ் 7,000. மொத்தம் 40,000. மூணு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,100. மூணு வருஷத்துல காரோட மதிப்பு 1.2 லட்சம் குறையும்னு வச்சா மாசம் 3,300. இன்ஷூரன்ஸும் வருஷாந்திர சர்வீஸும் 1,500. பெட்ரோல் 3,100. ஆக 9,000. கிலோமீட்டருக்கு 18 ரூபாய்.

பாதி விலை. அதுவும் ரோட்டுல சத்தமில்லாம, ஏசி குளிர்ந்து ஓடுற கார்.

5. “எனக்காக இல்ல அண்ணா, அம்மாவுக்காக”

இந்தக் கணக்கைப் பார்த்தும் அவன் விடல. “எனக்கு ஆசைன்னு வச்சுக்கோங்க. ஆனா அம்மாவுக்கு மூட்டு வலி உண்மைதானே?”

உண்மைதான். இது ஒண்ணுதான் அந்தப் பட்டியல்லயே எந்த ரிப்பேராலயும் தீராத விஷயம். அதனால “சரி, அம்மாவையே கேட்போம்”னு அடுத்த ஞாயிறு சித்தியையும் கூட்டிட்டு காஞ்சிபுரம் ஷோரூமுக்குப் போனோம்.

எஸ்யூவி கதவைத் திறந்தாங்க. சித்தி ஒரு கையால கதவையும் ஒரு கையால அவன் தோளையும் பிடிச்சு, காலைத் தூக்கி வைக்க முடியாம நின்னாங்க. “ஏன்டா, இது பஸ் மாதிரி ஏறணும் போல இருக்கே!”

இப்போ இருக்கிற கார் தாழ்வு, உட்கார்ந்தா எழ முடியல. எஸ்யூவி உயரம், ஏற முடியல. அங்கிருந்து இன்னொரு ஷோரூம் போய், வேகன்ஆர் மாதிரி கூரை உயரமான ஹேட்ச்பேக்ல உட்கார வச்சோம். சீட் இடுப்பு உயரத்துல இருந்துச்சு. சித்தி திரும்பி, அப்படியே உட்கார்ந்தாங்க. “இது போதும்டா.”

தம்பி ஒண்ணும் பேசல. அம்மாவுக்குன்னு அவன் நிஜமாவே நம்பித்தான் இருந்தான். ஆனா அம்மாவை ஒரு தடவை உட்கார வச்சுப் பார்க்காமலே 6 லட்சம் லோனுக்குக் கையெழுத்துப் போட இருந்தான். குடும்பத்துக்காகன்னு ஒரு கார் எடுக்கிறீங்கன்னா, முதல்ல அந்தக் குடும்பத்தை அதுல உட்கார வச்சுப் பாருங்க. இதுக்கு செலவே இல்ல.

6. கடைசியில என்ன முடிவு பண்ணினான்?

- 40,000 செலவு பண்ணி ரிப்பேரை முடிச்சான்.
- சித்தி உட்கார கெட்டியான குஷன் ஒண்ணு, முன் சீட்டை நல்லா பின்னாடி தள்ளி வச்சாச்சு. முழுத் தீர்வு இல்ல, ஆனா இப்போதைக்கு சமாளிக்கிறாங்க.
- மீதி 85,000 பேங்க்ல இருக்கு. மாசம் 10,000 ரூபாய் ஆர்டி போடுறான். இதை நான் பயிற்சி இஎம்ஐன்னு சொல்வேன். ஒரு வருஷம் தடங்கல் இல்லாம கட்ட முடிஞ்சா சரி. முடியலன்னா, நிஜ இஎம்ஐ-யில மாட்டாம தப்பிச்சோம்.
- ஒரு வருஷத்துல 2.05 லட்சம். பழைய காருக்கு 2.7 லட்சம் வந்தா மொத்தம் 4.75 லட்சம். நல்லா வச்சிருக்கிற, மூணு நாலு வருஷ உயரமான ஹேட்ச்பேக்கை லோன் இல்லாமலே பார்க்கலாம். சித்திக்கு வலி கூடினா முன்னாடியே மாத்திக்கவும் கையில பணம் இருக்கு.

7. மாத்தும்போது மறக்கக் கூடாத ரெண்டு

நோ கிளெய்ம் போனஸ். இது காருக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். அஞ்சு வருஷம் கிளெய்ம் பண்ணலன்னா 50 சதவீதம். காரை விற்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டா, அடுத்த காரோட ஓன் டேமேஜ் பிரீமியத்துல அந்தத் தள்ளுபடி கிடைக்கும். பிரீமியம் 25,000-ன்னா 12,500 மிச்சம். மூணு வருஷம் வரை செல்லும். கேட்டு வாங்கணும், தானா வராது.

பெயர் மாற்றம். ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஆர்சி-யில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், விபத்து நடந்தா பொறுப்பும் அவங்களுக்குத்தான்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. ஆர்சி-யில பேர் மாறினதை நீங்களே ஆன்லைன்ல பார்த்து உறுதி பண்ணுங்க.

சுருக்கமா

கார் பழுதானா ரிப்பேர் பண்ணுங்க.
வசதி குறைஞ்சா சின்னதா மாத்துங்க. காரோட இன்றைய மதிப்புல 5 சதவீதம், அதுக்கு மேல வேண்டாம்.
வாழ்க்கை மாறினா, அதாவது குழந்தை வந்தா, பெத்தவங்களுக்கு முடியலன்னா, தினசரி ஓட்டம் கூடினா, காரை மாத்துங்க.
மனசு மட்டும் மாறியிருந்தா, ஆறு மாசம் பயிற்சி இஎம்ஐ கட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, கையில பணமும் இருக்கும்.

நேத்து தம்பி போன் பண்ணினான். நாலாவது மாசத்து ஆர்டி கட்டியாச்சாம். “சப்வூஃபர் மட்டும் சின்னதா ஒண்ணு அண்ணா...”ன்னு இழுத்தான். பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.

உங்க கார் மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடுது? கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகுது? இன்னைக்கே போட்டுப் பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!