முடிச்சை அவிழ்க்கும் புரதம்



"புது மருந்து எப்போது வரும், ஐயா?" என்று புற்றுநோயாளிகள் கேட்பதுண்டு. அதன் தொடக்கத்தைச் சற்றே கவனிப்போம்.

நம் உயிரணுவில் ஆர்.என்.ஏ. என்னும் இழை, புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கிறது. இழை முடிச்சிட்டுக் கிடந்தால் ரைபோசோம் அதை வாசிக்க இயலாது. ஏ.டி.பி.யின் சக்தியைச் செலவிட்டு முடிச்சை அவிழ்ப்பதே ஹெலிகேஸ் புரதம்.

மனிதரிலுள்ள இ.ஐ.எஃப்.4ஏ அத்தகையது. அது ரைபோசோமில் எங்கே அமர்கிறது என்பதை 2020-இல் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு.

இதை ஏன் சுத்திகரித்துத் தனியே எடுக்கிறார்கள்? வேறு புரதம் கலந்திருந்தால், அவிழ்த்தது எது, மருந்து தடுத்தது எதை என்று நிச்சயிக்க முடியாது. இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தொன்று புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது. பொறுமையான இவ்வேலையே படுக்கையருகே வரும் மருந்துக்கு முதற்படி.