நிறுத்தியது எதை?
டாக்கர் டெஸ்க்டாப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘டாக்கர் டீமனைத் தொடர்புகொள்ள முடியவில்லை. டீமன் ஓடிக்கொண்டிருக்கிறதா?’ டாக்கரைத் தொட்டவர்கள் எல்லாரும் ஒருநாளாவது டெர்மினலில் இப்படியொரு வரியை ஆங்கிலத்தில் பார்த்திருப்பார்கள். அது ஒரு கேள்வி. ஆனால் பலருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கிறது. பதறிப்போய் கணினியை அணைத்துப் போடுகிறார்கள். இன்னும் சிலர் டாக்கர் டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். நீக்கும்போது அந்தக் கணினியிலுள்ள கன்டெய்னர்கள், அவற்றுக்கு அச்சாக இருக்கும் இமேஜ்கள், டேட்டாவைச் சேமித்துவைக்கும் வால்யூம்கள் எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். ஒரு வரிக் கேள்விக்குப் பதில் தெரியாததால் மூன்று மாத டேட்டாபேஸைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர் ஒன்றே. ‘டாக்கர்’ என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். முதலாவது கன்டெய்னர். லினக்ஸ் கெர்னலின் நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகளைக் கொண்டு தனியறையில் அடைத்துவைத்த ஒரு சாதாரண ப்ராசஸ்தான் அது. இரண்டாவது, கன்டெய்னர்களை உருவாக்கி, ஓட்டி, நிறுத்தும் எஞ்சின். டீமன் என்பதும் அதைத்தான். மூன்றாவது டாக்கர் டெஸ்க்டாப் என்னும் செயலி. மேக்கிலும் விண்டோஸிலும் லினக்ஸ் கெர்னல் கிடையாது என்பதால், உள்ளே ஒரு சிறிய லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தைக் கிளப்பி, அதற்குள் எஞ்சினை ஓடவைப்பது இந்தச் செயலியின் வேலை.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுபவருக்கு இது உடனே புரியும். குழாயை மூடுவது ஒன்று, மோட்டாரை நிறுத்துவது ஒன்று, மெயின் சுவிட்சை இறக்குவது இன்னொன்று. தண்ணீர் நிற்பது மூன்றிலும் நடக்கும். மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மாறும்.

“ஜன்னலை மூடினால் டாக்கர் நின்றுவிடும்”

நிற்காது. டாஷ்போர்டு ஜன்னல் வெறும் பார்வைத்திரை. அதை மூடினாலும், மேக்கின் மேல்பட்டையிலோ விண்டோஸின் கீழ்ப்பட்டையிலோ திமிங்கிலச் சின்னம் இருக்கும்வரை செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்துகொள்ள ‘டாக்கர் டெஸ்க்டாப் ஸ்டேட்டஸ்’ என்று தட்டினால் போதும்.

இதற்கு நேரெதிரான குறையும் காதில் விழுகிறது: கன்டெய்னர் எதுவும் ஓடாதபோதும் டாக்கர் மெமரியைத் தின்றுகொண்டே இருக்கிறதாம். ஆனால் 4.24 பதிப்பிலிருந்து ரிசோர்ஸ் சேவர் என்ற ஏற்பாடு உள்ளது. கன்டெய்னர் எதுவும் ஓடாமல் சற்று நேரம் கழிந்தால் மெய்நிகர் இயந்திரமோ அதற்குள் இருக்கும் எஞ்சினோ தானே உறங்கிவிடும். அதன்பின் முதல் கட்டளைக்குச் சில விநாடிகள் தாமதமாகப் பதில் வந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். விழித்தெழ அவ்வளவு நேரம் ஆகும்.

“டாக்கர் கட்டளை தெரிந்தால் டெஸ்க்டாப்பையும் அதிலேயே இயக்கலாம்”

2024 டிசம்பர் வரை இது தவறு. இப்போது பாதி சரி.

‘டாக்கர் ரன்’, ‘டாக்கர் பிஎஸ்’ போன்ற கட்டளைகளைத் தட்டும்போது நம்மிடம் இருப்பது ஒரு தூதுவன் மட்டுமே. அவன் ஒரு சாக்கெட் வழியாக எஞ்சினிடம் சேதி சொல்லி, பதிலை வாங்கி வருகிறான். எஞ்சின் உறங்கினாலோ, அதைத் தாங்கும் செயலியே திறக்கப்படாமல் இருந்தாலோ, தூதுவன் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முதலில் சொன்ன அந்தக் கேள்வி அவன் திரும்பி வந்து சொல்லும் சேதி. கதவைத் திறக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

அதனால் நெடுநாள் ஆளுக்கொரு சுற்றுவழி வைத்திருந்தார்கள். மேக்கில் செயலியைப் பெயர் சொல்லித் திறக்கும் ‘ஓபன்’ கட்டளை, லினக்ஸில் ‘சிஸ்டம்சிடிஎல்’, விண்டோஸில் நிறுவல் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு எக்ஸ்இ கோப்பு. ஒரே குழுவில் மூவகைக் கணினிகளும் இருந்தால், காலை வேலையைத் தொடங்கும் ஸ்கிரிப்டை மூன்று விதமாக எழுத வேண்டியிருந்தது.

4.37 பதிப்பில் ‘டாக்கர் டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் தனிக் கட்டளைக் குடும்பம் வந்தது. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், ஸ்டேட்டஸ் ஆகியவை எங்கும் ஒரே சொல்லாயின. விண்டோஸ்காரர்களுக்குக் கூடுதலாக ‘எஞ்சின் யூஸ்’ கிடைத்தது. லினக்ஸ் கன்டெய்னர்களிலிருந்து விண்டோஸ் கன்டெய்னர்களுக்கு மாற இனி மெனுவைத் தேட வேண்டாம். பிந்தைய பதிப்புகளில் பதிவுகளைப் பார்க்கவும் செயலியைப் புதுப்பிக்கவும் கூடத் துணைக்கட்டளைகள் சேர்ந்தன.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. ‘டாக்கர் டெஸ்க்டாப் ஸ்டார்ட்’ என்று தட்டினால், தொடங்கும் வேலை முடியும்வரை அது காத்திருக்கும். காத்திருக்க விருப்பமில்லையென்றால் ‘டிடாச்’ சேர்க்கலாம். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ‘டைம்அவுட்’ வைத்துச் சொல்லலாம். இதற்கு முன் ஸ்கிரிப்டில் செயலியைத் திறந்துவிட்டு, ‘எதற்கும் 30 விநாடி தூங்கு’ என்று குத்துமதிப்பாக எழுதிவைப்போம். மெதுவான கணினியில் அது போதாது, வேகமான கணினியில் அது வீண்.

ஆனாலும் இரண்டு குடும்பங்களையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. ‘டாக்கர் ஸ்டாப்’ என்பதோடு ஒரு பெயரைத் தந்தால் அந்தக் கன்டெய்னர் மட்டும் நிற்கும். ‘டாக்கர் டெஸ்க்டாப் ஸ்டாப்’ என்றால் எல்லாமே நிற்கும். முன்னது குழாய், பின்னது மெயின் சுவிட்ச்.

“நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்”

புதியவர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான். பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி விழுகிறது. நிறுத்துவதால் எதுவும் போகாது, நீக்குவதால்தான் போகும்.

‘டாக்கர் ஸ்டாப்’ சொன்னதும் எஞ்சின் அந்தக் கன்டெய்னரின் முதன்மை ப்ராசஸுக்கு முடித்துக்கொள்ளும்படி சிக்டெர்ம் என்ற சைகையை அனுப்புகிறது. இயல்பாக 10 விநாடி அவகாசம். அதற்குள் முடிக்காவிட்டால் சிக்கில் வரும், அதற்கு மேல் பேச்சில்லை. டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு அவகாசத்தைக் கூட்டிக் கொடுப்பது நல்லது. எப்படி நின்றாலும், பொதுவாகக் கன்டெய்னர் எழுதிய கோப்புகள் அப்படியே இருக்கும். ‘டாக்கர் பிஎஸ்’ ஓடுபவற்றை மட்டும் காட்டுவதால் நின்றவை காணாமல் போனதாகத் தோன்றுகிறது. ‘-ஏ’ சேர்த்துப் பாருங்கள், எல்லாம் வரிசையாக நிற்கும்.

‘டாக்கர் ஆர்எம்’ வேறு. அது கன்டெய்னரையும் அதன் எழுதும் அடுக்கையும் சேர்த்து நீக்கிவிடும். பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் அறிவித்து ஓட்டும் கம்போஸைப் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘டாக்கர் கம்போஸ் ஸ்டாப்’ நிறுத்தும். ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ நிறுத்தி, நீக்கியும் விடும். டவுன் கொடுத்தாலும் பெயரிட்ட வால்யூம்கள் தப்பிக்கும். ஆனால் அதன் வாலில் ‘-வி’ என்று ஓரெழுத்து சேர்ந்தால் கம்போஸ் கோப்பில் அறிவித்த வால்யூம்களும் போகும். இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டுபவர்கள் அந்த ஓரெழுத்தைக் கவனிப்பதில்லை.

இன்னும் நுட்பமான ஒரு கண்ணி உண்டு. போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜை வால்யூம் எதுவும் குறிப்பிடாமல் ஓட்டினால், டாக்கர் தானாகவே பெயரற்ற ஒரு வால்யூமை உண்டாக்கி, டேட்டாவை அதில் வைக்கும். கன்டெய்னரை ‘ஆர்எம்’ கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பினால், அதற்கு வேறொரு பெயரற்ற வால்யூம் கிடைக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள் ஒன்றுகூட இருக்காது. ‘டேட்டா அழிந்துவிட்டது’ என்று தலையில் கை வைப்பது இப்போதுதான். உண்மையில் அழியவில்லை. பழைய வால்யூம், நீண்ட எழுத்தெண் வரிசையைப் பெயராகக் கொண்டு, ‘டாக்கர் வால்யூம் எல்எஸ்’ பட்டியலில் அனாதையாகக் கிடக்கிறது. புதிய கன்டெய்னரில் அதை இணைத்தால் டேட்டா திரும்ப வரும்.

டேட்டாபேஸ் ஓட்டுகிறீர்களானால் முதல் நாளே வால்யூமுக்கு ஒரு பெயர் வையுங்கள். ஒரு வரி வேலை.

“வட்டு நிறைந்துவிட்டதா? ப்ரூன் போடு”

மேற்சொன்ன அனாதை வால்யூமுக்கு உண்மையான ஆபத்து இங்கே வருகிறது.

‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’ நின்றுபோன கன்டெய்னர்கள், யாரும் பயன்படுத்தாத நெட்வொர்க்குகள், பெயரிழந்த இமேஜ்கள், பில்டு கேஷ் ஆகியவற்றைக் கூட்டித் தள்ளும். வால்யூம்களை இயல்பாகத் தொடாது. ஆகவே ‘ப்ரூன் எல்லாவற்றையும் அழிக்கும்’ என்பதும் பொய், ‘ப்ரூனால் ஆபத்தே இல்லை’ என்பதும் பொய். நேற்று நிறுத்திவைத்த கன்டெய்னரை அது குப்பையென்றே எடுத்துக்கொள்ளும். ‘--வால்யூம்ஸ்’ சேர்த்தால் பயன்பாட்டில் இல்லாத வால்யூம்களுக்கும் கை நீளும். எஞ்சினின் 23.0 பதிப்பிலிருந்து இது பெயரற்றவற்றை மட்டுமே நீக்குகிறது. அதாவது, நாம் மீட்டிருக்கக்கூடிய அந்த போஸ்ட்கிரெஸ் வால்யூமைத்தான்.

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ கொடுங்கள். இமேஜ், கன்டெய்னர், வால்யூம், கேஷ் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எவ்வளவை மீட்கலாம் என்று கணக்குக் காட்டும். பெரும்பாலும் பில்டு கேஷும் பழைய இமேஜ்களும்தான் இடத்தை அடைத்திருக்கும். அவற்றை மட்டும் தனியே நீக்கக் கட்டளைகள் இருக்கின்றன.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ‘டாக்கர்.ரா’ என்ற கோப்பின் அளவை ஃபைண்டரில் பார்த்து மலைக்காதீர்கள். அங்கே தெரிவது அந்தக் கோப்பு எட்டக்கூடிய உச்ச அளவு. வட்டில் உண்மையாகப் பிடித்த இடம் அதைவிடக் குறைவாக இருக்கும். ‘டியூ’ கட்டளை அதைச் சொல்லும்.

“நான் நிறுத்திய கன்டெய்னர் நின்றபடியே இருக்கும்”

மாலையில் கையால் நிறுத்திய கன்டெய்னர் மறுநாள் டெஸ்க்டாப்பைத் தொடங்கியதும் தானே ஓடுகிறதென்றால், அதன் ரீஸ்டார்ட் கொள்கையைப் பாருங்கள். ‘ஆல்வேஸ்’ என்று இருந்தால், நாம் நிறுத்தியிருந்தாலும் எஞ்சின் மறுபடி எழும்போது அதுவும் எழும். நாம் நிறுத்தினால் நின்றதாகவே இருக்க வேண்டுமென்றால் ‘அன்லெஸ்-ஸ்டாப்டு’ வேண்டும். போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ‘ஆல்வேஸ்’ கன்டெய்னர்களைத்தான்.

“லினக்ஸில் டெஸ்க்டாப்பும் எஞ்சினும் ஒன்றுதான்”

லினக்ஸில் எஞ்சினை நேரடியாகவே நிறுவலாம். மெய்நிகர் இயந்திரம் வேண்டியதில்லை. 2022 மே மாதம் லினக்ஸுக்கும் டெஸ்க்டாப் வந்தது. மற்ற இரண்டு தளங்களிலும் உள்ளதைப் போலவே இங்கும் அது தனி மெய்நிகர் இயந்திரத்துக்குள் தனி எஞ்சினை வைத்திருக்கிறது. இரண்டையும் நிறுவியவர் வீட்டில் இரண்டு எஞ்சின்கள். ஒன்றின் இமேஜ்கள் மற்றதற்குத் தெரியாது. டெஸ்க்டாப்பைத் தொடங்கியவுடன் எந்த எஞ்சினோடு பேசுவது என்பதைக் குறிக்கும் நடப்புக் கான்டெக்ஸ்ட் அதன் பக்கம் மாறிவிடுவதால், நேற்றுவரை இருந்த கன்டெய்னர்கள் மாயமானது போலத் தெரியும். ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் எல்எஸ்’ கொடுத்தால், எந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது நட்சத்திரக் குறியோடு தெரியும்.

“டாக்கர் இப்போது காசு கேட்கிறது”

2021 ஆகஸ்டில் மாறியது டெஸ்க்டாப் செயலியின் உரிம விதி. 250 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களும், ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களும் அதற்குச் சந்தா செலுத்த வேண்டும். மாணவர்களும், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவர்களும், சிறு நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். லினக்ஸில் தனியே நிறுவும் எஞ்சின் அபாச்சி 2.0 உரிமத்தில் திறந்த மூலமாகவே தொடர்கிறது. கல்லூரி மாணவர் எவரும் இதற்காகத் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டிய அவசியமில்லை.

“டெர்மினல் தேர்ந்தவர்களுக்கு, ஜன்னல் தொடக்கநிலையினருக்கு”

இதை நான் முற்றாக மறுக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு நண்பருக்கு உதவும்போது, ‘மேலே பல்சக்கரம் மாதிரி இருக்கும், அதை அமுக்கு’ என்று விளக்குவதற்குள் உயிர் போகும். அடுத்த பதிப்பில் அந்தப் பல்சக்கரம் இடம் மாறியும் இருக்கும். ஒரு வரிக் கட்டளையை அனுப்பினால் அவர் ஒட்டுவார், வந்த பதிலை அப்படியே திருப்பி அனுப்புவார். என்ன செய்தோம் என்பது டெர்மினலின் வரலாற்றில் இருக்கும். மவுஸ் எங்கே அமுக்கியது என்பது எங்கும் இருக்காது. தடுமாறுகிறவருக்குத்தான் அந்தத் தடயம் அதிகம் தேவை.

ஜன்னலுக்கும் இடமுண்டு. ஒரு கன்டெய்னரின் பதிவுகளை ஓடஓடப் பார்க்கவும், மெமரி வரைபடத்தைக் கவனிக்கவும் நான் இன்றும் டாஷ்போர்டைத்தான் திறக்கிறேன்.

அடுத்த முறை அந்தப் பழைய கேள்வி திரையில் வந்தால், எதையும் நீக்காதீர்கள். முதலில் ‘டாக்கர் டெஸ்க்டாப் ஸ்டேட்டஸ்’. ஓடவில்லை என்றால் ‘ஸ்டார்ட்’. ஓடுகிறது என்றால் ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் எல்எஸ்’. அப்புறமும் வழிக்கு வராவிட்டால் ‘ரீஸ்டார்ட்’. இந்த நான்கில் எதுவும் உங்கள் வால்யூம்களைத் தொடாது.