யூ.பி.எஸ். உடன் கணினியின் தொடர்பு: தொடர் வடத்தைச் சோதித்தல்

மாணவர்களே, தடையற்ற மின்வலு வழங்கியின் (யூ.பி.எஸ்.) மின்கலம் கணினியைக் குறுகிய நேரமே இயக்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு அமுலானது. இத்தகைய வேளையில் கணினி தானாகவே முறைப்படி நிற்க, மின் தடைப்பட்ட செய்தி அதற்குக் கிடைக்க வேண்டும். மின் வடம் வலுவைத் தரும். தொடர் வடம் செய்தியைத் தரும்.

வடிவம் ஒன்று, இணைப்பு வேறு

கணினியின் 9 முனைத் தொடர் துறையில் 2ஆம் முனை தரவைப் பெறும். 3ஆம் முனை அனுப்பும். 5ஆம் முனை பொதுத் தரை. 9 முனைத் துறையுள்ள ஏ.பி.சி. ஸ்மார்ட் யூ.பி.எஸ். இல் இவை முறையே 2, 1, 9ஆம் முனைகளுடன் இணைய வேண்டும். சாதாரண தொடர் வடத்தைச் செருகினால் யூ.பி.எஸ். அணைந்து, சேமிக்காத வேலை அழியக்கூடும்.

சோதிக்கும் ஒழுங்கு

1. வேலையைச் சேமித்து, கணினியை வேறு சுவர்ச் செருகிக்கு மாற்றுக. யூ.பி.எஸ். இல் மேசை விளக்கொன்றை மட்டும் இணைக்குக.
2. வடம் அந்த யூ.பி.எஸ். இற்கு உரியதா எனப் பார்க்குக.
3. கணினி காட்டும் கொம் துறை இலக்கமே மென்பொருளிலும் உள்ளதா எனப் பார்க்குக.
4. வேகத்தை 2400 போட் ஆக அமைக்குக.
5. யூ.பி.எஸ். இன் சுவர் ஆளியை நிறுத்துக. மின்கலத்தில் இயங்குவதாக மென்பொருள் காட்டினால் தொடர்பு சரி.

மாதிரி வினா: மின்வெட்டின்போது விளக்கு எரிகிறது, மென்பொருளோ தொடர்பு இல்லை என்கிறது. மின்கலம் பழுதா?

விடை: இல்லை. விளக்கு எரிவதால் வலு கிடைக்கிறது. செய்தியே வரவில்லை. எனவே வடம், துறை இலக்கம், வேகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.