பழைய பட அஞ்சலட்டை: காலம் கணித்தலும் காத்தலும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேலை உடுத்தி நகை பூட்டிய பெண்களின் படம் கொண்ட அஞ்சலட்டைகளைச் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் வீல் அண்ட் க்ளைன் ஸ்டூடியோவும், கொழும்பில் பிளாட்டே நிறுவனமும் வெளியிட்டன. கிமோனோ அணிந்த பெண்களின் ஜப்பானிய அட்டைகளும் அதே காலத்தவை. டிரங்குப் பெட்டியில் இப்படி ஒன்று அகப்பட்டால், முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே விடப்பட்டிருந்தால் அட்டை மிகப் பழையது. நடுக்கோடு போட்டு, செய்திக்கும் இடம் தரும் முறையை பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. ஜப்பானில் 1907-ல் மூன்றில் ஒரு பங்கும், 1918-ல் பாதியும் செய்திக்குக் கிடைத்தன. அஞ்சலட்டையைக் குறிக்கும் 'ஹககி' என்ற சொல்லின் நடு எழுத்தில் இரு சிறு கோடுகள் இருந்தால், அட்டை 1933-க்குப் பிந்தையது.

அடுத்தது தபால்தலை. இந்தியத் தபால்தலைகளில் பிரிட்டிஷ் மன்னர்களான ஏழாம் எட்வர்டு 1902-லும், ஐந்தாம் ஜார்ஜ் 1911-லும், ஆறாம் ஜார்ஜ் 1937-லும் வந்தனர். முத்திரையில் உள்ள தேதி அட்டை அனுப்பப்பட்ட நாளை மட்டுமே சொல்லும். படம் அதற்குப் பல ஆண்டு முந்தையதாக இருக்கலாம்.

பிறகு பூதக்கண்ணாடி. சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சுப் படம். புள்ளியே இல்லாமல் சாயல் மழமழவென்று படர்ந்திருந்தால், பெரும்பாலும் போட்டோத் தாளிலேயே எடுத்த படி.

படத்தை விவரிக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். 'தமிழ்ப் பெண்', 'இந்து மாது' என்றெல்லாம் அடியில் இருப்பவை பதிப்பாளர் வைத்த பெயர்கள். படத்தில் நிற்கும் பெண்ணின் சொந்தப் பெயர் அநேகமாக எங்குமே இராது. அது பெரிய இழப்பு. எனவே அச்சான வாசகத்தை அப்படியே ஒரு வரியில் எழுதி, கண்ணால் கண்டதைத் தனியே குறிப்பது நல்லது: பின்கொசுவமா, மடிசாரா, ராக்கொடி, வங்கி, ஒட்டியாணம், பாம்படம் இவற்றில் எவை உள்ளன, சேலைக்கரை எவ்வளவு அகலம். ஜப்பானிய அட்டையில் கிமோனோவின் கை நீண்டு தொங்கினால் அது மணமாகாத பெண்ணின் உடை. ஆனால் ஸ்டூடியோக்கள் உடையையும் நகையையும் இரவல் தந்ததுண்டு. உடையை மட்டும் வைத்துச் சாதியையோ நிலையையோ முடிவுகட்டக் கூடாது.

இனி, காத்தல். அச்சரப்பாக்கம் போன்ற தமிழ்நாட்டு ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமே அட்டைக்கு முதல் எதிரி. அமிலமில்லாத தாளில் அல்லது பாலியெஸ்டர் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் ஆகாது. தபால்தலையை நனைத்துப் பிரித்தால் அட்டையின் வரலாறு பாதி போய்விடும். பூஞ்சை படிந்திருந்தால் வெயிலில் காயவைக்காமல், காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். அட்டைக்குத் தரும் வரிசை எண்ணை மென்மையான பென்சிலால் உறையின் மேல் எழுதலாம், அட்டையின் மேல் அல்ல.